கிறஃபானா, இன்ஃப்ளக்ஸ், நோட்-றெட்: யாழ்ப்பாணக் கட்டடங்களில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடவிட்ட பிறகு

மின் பாவனையைக் கண்காணிக்கும் மென்பொருளைப் பற்றிய இந்த மதிப்பீடு, மின்சார சபையின் பில்லில் ஜீ.பி.-2 என்று வகை போட்டு வரும் கட்டடங்களுக்குத்தான். 42 கேவிஏக்கு (கிலோவோல்ற்-அம்பியர், கட்டடம் இழுக்கும் மொத்த வலுவின் அளவு) மேல் இணைப்பு எடுத்த கல்யாண மண்டபம், சுப்பர்மார்க்கெட், தனியார் வைத்தியசாலை, நாலு மாடி அலுவலகம் எல்லாம் இதற்குள் வரும். அலகுக் கட்டணம் மூன்று நேரமாகப் பிரிந்திருக்கும்: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், இரவு 10.30 வரை உச்சநேரம், பிறகு விடிய 5.30 வரை உச்சமற்ற நேரம். அதோடு டிமான்ட் கணக்கு ஒன்று தனியே வரும். மாதம் முழுவதிலும் எந்த 15 நிமிடத்தின் சராசரிக் கேவிஏ அதிகமோ, அந்த ஒரு எண்ணுக்குத்தான் கட்டணம்.

இங்கே பேசும் மென்பொருள் மூன்று துண்டு. மொட்பஸ் (மீற்றரும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) மீற்றர்களை நோட்-றெட் வாசிக்கிறது, இன்ஃப்ளக்ஸ் டி.பி. 2 சேமிக்கிறது, கிறஃபானா வரைபடமாகக் காட்டுகிறது. மூன்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காசு போவது மீற்றருக்கும், வயரைச் சுற்றிப் போட்டுக் கரண்டை அளக்கும் வளையமான சீ.ரீ.க்கும், வயரிங்குக்கும்.

நீண்டநாள் பாவனையில் அதிகம் உதவியது 15 நிமிட வரைபடம் ஒன்றுதான். மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பில் படுத்துக் கிடக்கும். ஆவணியில் ஒரேயொரு முகூர்த்தம் வந்தாலும் அந்த மாத டிமான்ட் முழுக்க அன்றைய காலைக்குள் முடிவாகிவிடும். தலா 5 கிலோவாற் இழுக்கும் 12 ஏசி, சனம் வரத் தொடங்கும்போது ஒன்றாகப் போடப்பட்டால் 60 கிலோவாற். பவர் ஃபக்டர் (கிலோவாற்றைக் கேவிஏயால் வகுத்த விகிதம்) 0.9 என்றால் 67 கேவிஏ. இதோடு சமையலறையும் விளக்கும் சேரும். அதே மண்டபத்தை ஒன்றரை மணித்தியாலம் முன்னதாக நாலு நாலு ஏசியாகப் போட்டுக் குளிரவைத்தால், சனம் நிறையும் நேரம் முதல் வரிசை இன்வேற்றர் ஏசிகள் வேகத்தைக் குறைத்திருக்கும். அலகு கொஞ்சம் கூடும், டிமான்ட் அதைவிடக் குறையும். வரைபடம் இல்லாமல் இதை எந்த மனேச்சரிடமும் சொல்லி நம்பவைக்க முடியாது.

ஒரு தவறான நம்பிக்கையும் இதனால் போகும். மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டால்தான் டிமான்ட் ஏறுகிறது என்று பலர் சொல்வார்கள். ஆறு மடங்கு கரண்ட் மூன்று செக்கன் நின்றாலும், 900 செக்கன் சராசரியில் அது அந்த மோட்டரின் சொந்த லோட்டில் 1.7 சதவீதம் மட்டுமே கூட்டும். ஏற்றுவது ஒன்றாக ஓடுவதுதான்.

இனிப் பிழைகள். பாதிப் பிழை மென்பொருளுக்கு வெளியே, பனல் பெட்டிக்குள் இருக்கும். சீ.ரீ.யின் பி1 முகம் கரண்ட் வரும் பக்கம் இருக்கவேண்டும். ஒன்று திரும்பிக்கிடந்தால், லோட் மூன்று பேஸிலும் சமமாக உள்ள கட்டடத்தில் மொத்தம் மூன்றிலொன்றாகக் காட்டும். இரண்டு சீ.ரீ. பேஸ் மாறிப் போயிருந்தால் மொத்தம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பேஸின் கிலோவாற்றையும் பவர் ஃபக்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். 200 அம்பியரை 5 அம்பியராகக் குறைத்துத் தரும் 200/5 சீ.ரீ. 5 விஏ (வோல்ற்-அம்பியர்) சுமை தாங்குவது என்றால், மீற்றர் 10 மீற்றர் தள்ளி இருக்கும்போது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் மட்டும் ஏறக்குறைய 6 விஏ தின்றுவிடும். கூடிய லோட்டில் வாசிப்புக் குறைந்து வரும். 2.5 போட்டால் 3.7 விஏயோடு தப்பலாம். மீற்றரைப் பனலுக்குள்ளேயே வைப்பது இன்னும் நல்லது. லோட் ஓடும்போது சீ.ரீ.யின் இரண்டாம் பக்க வயரைக் கழற்றக்கூடாது. உயிராபத்தான வோல்ற்றேஜ் எழும்பும். முதலில் குறுக்கிணைப்புப் போட்டுவிட்டுத்தான் கைவைக்கவேண்டும்.

மீற்றர்களைக் கணினியோடு இணைக்கும் ஆர்.எஸ்.-485 கம்பி ஒரு மீற்றரில் இருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போகவேண்டும், நடுவில் கிளை பிரிக்கக்கூடாது. இரண்டு அந்தத்திலும் 120 ஓம் தடை போடவேண்டும். மாரி மழையில் இடி விழும் ஊர் இது. இரு மாடிக்கு மேல் கம்பி போனால் தனிமைப்படுத்திய கன்வேற்றர் வாங்குங்கள். எஸ்.டி.எம். 630 மீற்றரின் கையேட்டில் மொத்த வாற்றின் பதிவு எண் 30053 என்று இருக்கும், நோட்-றெட்டில் கேட்கவேண்டிய முகவரி 52. இறக்குமதிக் கிலோவாற்-மணி 30073, முகவரி 72. ஒவ்வொரு அளவும் இரண்டு முகவரி எடுப்பதால், 53 என்று கேட்டால் இரண்டு எண்ணின் பாதிகள் ஒட்டி அர்த்தமில்லாத ஒன்று வரும். முதலில் முகவரி 0-ஐ வாசித்து 230க்குக் கிட்ட வோல்ற்றேஜ் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

அதிக நாள் கண்ணில் படாமல் இருக்கக்கூடிய பிழை நேரப் பிழை. இன்ஃப்ளக்ஸ் எல்லாவற்றையும் யூ.ரீ.சி. (உலகப் பொது நேரம்) நேரத்தில் வைக்கிறது. யூ.ரீ.சி. நள்ளிரவு எங்களுக்குக் காலை 5.30, அதாவது பகல் கட்டணம் தொடங்கும் அதே நிமிடம். அதனால் பகல், உச்சநேரக் கணக்குகள் சரியாகவே வரும், யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் ‘செவ்வாய்’ என்று காட்டும் மொத்தத்துக்குள் புதன் விடியற்காலையின் ஐந்தரை மணித்தியாலம் புகுந்திருக்கும், திங்கள் இரவு அணைக்காமல் விட்ட ஏசி செவ்வாய் விடியற்காலை எடுத்ததும் திங்கள் கணக்கில் போய்விடும். மாத முதல் நாளும் கடைசி நாளும் இதனால் பிழையாகும். வினவலின் (தரவைக் கேட்கும் கட்டளையின்) மேலே இடத்தை ஏசியா/கொழும்பு என்று குறிப்பிட்டால் இது தீரும். இன்னொன்று: சராசரி எடுக்கும் செயற்கூறு, சாளரத்தின் (சராசரி எடுக்கும் காலத்துண்டின்) முடிவு நேரத்தைத்தான் முத்திரையாக இடும். நாள் மொத்தம் அடுத்த நாளின் பெயரில் விழும். தொடக்க நேரத்தை இடும்படி மாற்றிவிடவேண்டும். இந்த இரண்டையும் செய்யாத திரையை வைத்துக்கொண்டு ‘ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு?’ என்று காவலாளியைக் கேட்பது அநியாயம்.

அலகைக் கணக்கிட வாற்றைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், மீற்றரின் கிலோவாற்-மணி எண்ணியையே சேமியுங்கள். கணினி ஆறு மணித்தியாலம் நின்றாலும் எண்ணியின் வித்தியாசம் அப்படியே கிடைக்கும். மீற்றர் மாற்றும் நாளில் எண்ணி பின்னால் போகும், எதிர்மறை வித்தியாசத்தை விலக்கும் அமைப்பை முன்கூட்டியே போட்டுவையுங்கள். பத்து மீற்றரில் 20 அளவுகளைப் பத்துச் செக்கனுக்கு ஒருதரம் எழுதினால் நாளுக்கு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளி. பிரதான மீற்றருக்கு மட்டும் பத்துச் செக்கன், மற்றதெல்லாம் ஒரு நிமிடம் போதும். றாஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும், ஆனால் 64 பிற் இயங்குதளம் வேண்டும். எஸ்.டி. கார்ட்டில் வைக்கவேண்டாம். ஓயாமல் எழுதுவதும் திடீர்க் கரண்ட் கட்டும் சேர்ந்து கார்ட்டைக் கெடுத்துவிடும். எஸ்.எஸ்.டி.யும் பைக்கும் றவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸும் கட்டாயம்.

ஜெனரேற்றர் உள்ள இடத்தில் மாற்றுச் சுவிச்சுக்குப் பின்னால் மீற்றர் போட்டால் அது இரண்டையும் சேர்த்தே எண்ணும். சபையின் பில்லோடு ஒப்பிடமுடியாது; ஜெனரேற்றரில் ஓடிய டிமான்ட் உங்கள் உச்சமாகத் தெரியும். சுவிச்சு எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டும் துணைத் தொடுகையை நோட்-றெட்டுக்குக் கொடுத்து நேரத்தைப் பிரியுங்கள். தனி மீற்றர் போட்டால் டீசல் லீற்றருக்கு எத்தனை அலகு என்றும் தெரியும். லோட் போதாமல் ஓடும் பெரிய ஜெனரேற்றரில் அந்த எண் விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

கூரையில் சோலர் போட்டவர்களுக்குப் பவர் ஃபக்டர் எச்சரிக்கை தொல்லை கொடுக்கும். கட்டடம் 60 கிலோவாற்றும் 30 கேவாரும் (வேலை செய்யாமல் போய்வரும் எதிர்வினை வலு) எடுக்கிறது, சோலர் 50 தருகிறது என்றால் சபையிடமிருந்து வருவது 10 கிலோவாற், 30 கேவார். திரையில் 0.32 என்று சிவப்பில் வரும். ஆனால் கேவிஏ 67இல் இருந்து 32க்கு இறங்கியிருக்கிறது. அங்கே எச்சரிக்கையைக் கேவிஏக்கு மாற்றுங்கள். சோலர் இல்லாத கட்டடத்திலோ பவர் ஃபக்டர்தான் முதலில் பார்க்கவேண்டியது: 80 கிலோவாற்றை 0.78இல் எடுத்தால் 103 கேவிஏ, 0.95இல் எடுத்தால் 84. வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 38 கேவார் கப்பாசிற்றர் வேண்டும். கப்பாசிற்றர் இருந்தும் எண் மெல்ல மெல்ல இறங்கினால் கப்பாசிற்றர்த் தொகுதியில் ஏதோ ஒரு படி செத்துவிட்டது. வெப்பமான பனல் அறையில் இது நடக்கும், திரை இல்லாவிட்டால் பில் வரும்வரை தெரியாது.

எச்சரிக்கையை எல்லை தாண்டிய பிறகு அனுப்புவது வீண். 15 நிமிடத்தின் எட்டாவது நிமிடத்தில் முடிவை ஊகிக்கவேண்டும். எல்லை 90 கேவிஏ, முதல் எட்டு நிமிடச் சராசரி 84, இப்போது ஓடுவது 104 என்றால் முடிவு 93. ஏழு நிமிடம் கையில் இருக்கும்போது செய்தி போனால், மேல்மாடி ஏசி இரண்டின் வேகத்தை யாராவது குறைக்கலாம். அந்த ‘யாராவது’ யார் என்று பெயர் எழுதி ஒட்டாத இடங்களில் செய்தி ஃபோனிலேயே கிடக்கும். இன்வேற்றர் ஏசியைக் கொன்ராக்ரரால் (கரண்டை வெட்டும் தானியங்கிச் சுவிச்சு) வெட்டவேண்டாம். வெளியிலிருந்து நிறுத்துவதற்கென்று ஏசியிலேயே உள்ளிணைப்புத் தொடுகை இருந்தால் அதையும், இல்லாவிட்டால் றிமோட் சமிக்ஞை அனுப்பும் கருவியையும் பாவியுங்கள்.

சின்ன வேலைகளில் அதிகம் பலன் தந்தது இரவு 3 மணி லோட்டைத் தனிக் கட்டமாக வைத்தது. கடை பூட்டிய பிறகு அந்த எண் ஏறினால் எங்கோ ஏதோ ஓடுகிறது. கிணற்று மோட்டர் அடிக்கடி தானாகக் கிளம்பினால் தாங்கியோ குழாயோ ஒழுகுகிறது. கோடை முற்றித் தண்ணீர் மட்டம் இறங்கும்போது ஓடும் நேரம் நீள்வது வேறு, அதை ஒழுக்கென்று மயங்கவேண்டாம். சுப்பர்மார்க்கெட் குளிரறையின் பனியுருக்கும் ஹீற்றர் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வரும்படி இருந்தால், அது உச்சநேரத்தில் விழாதபடி 5, 11, 17, 23 என்று நகர்த்துங்கள். ஒரு காசும் செலவில்லை.

கிறஃபானாவில் தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறது. ‘எம்.டி.பி. 2, ஃபீடர் 3’ என்பதைக் ‘கீழ்மாடி ஏசி’ என்று மாற்றிய பிறகுதான் கடைப் பொடியள் திரையைப் பார்க்கத் தொடங்குவார்கள். குறைகளும் உண்டு: வினவல் மொழி கடினம், பில் வடிவில் அறிக்கை தானாக வராது, மென்பொருளைப் புதுப்பிக்கும்போது சிலவேளை அட்டவணைகள் உடையும். புதுப்பிக்க முன் பிரதி எடுங்கள்.

மீற்றர் வாசிக்க வருபவர் வந்த நாளில் சபை மீற்றரைப் படமெடுத்து, அதே நிமிடத்து எண்ணை மென்பொருளில் பாருங்கள். இரண்டு சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் விடலாம். அதற்கு மேல் போனால் சீ.ரீ. விகிதம், பேஸ், நேரம் என்ற வரிசையில் தேடுங்கள். ஜீ.பி.-1 இல் இருக்கும் சின்னக் கடைக்கு டிமான்ட் கட்டணம் இல்லை. அவர்களுக்கு இந்தப் பாடு தேவையில்லை, ஒரு துணை மீற்றரும் காலை மாலை எழுதும் கொப்பியும் போதும்.