அறை சின்னது, லாபி பெரியது: நகர நடுவே ஹோட்டல்களில் நெடுநாள் தங்கிய அனுபவம்

வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போய், போன இடத்தில் வாரக்கணக்கில் தங்குவது என் வாழ்க்கையில் பல வருடங்களாக நடக்கிறது. முன்பெல்லாம் வழக்கமான பிசினஸ் ஹோட்டல்கள்தான். இப்போது முடிந்தவரை நகரின் மையத்தில் இருக்கும், அழகாக வடிவமைத்த, எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள ஹோட்டல்களைத்தான் தேடிப் பிடிக்கிறேன். பூட்டிக் ஹோட்டல், லைஃப்ஸ்டைல் ஹோட்டல் என்று பல பெயர்கள் உண்டு. உள்ளே நுழைந்ததும் தெரிகிற அடையாளம் ஒன்றுதான்: ரிசப்ஷன் மேஜை எங்கே என்று தேட வேண்டியிருக்கும், சோஃபாக்களில் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வகை ஹோட்டலில் நீங்கள் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி லாபிக்குத்தான். இதைப் புரிந்துகொண்டு போனால் ஏமாற்றமே இருக்காது. அறையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், அதே வாடகைக்கு ஊருக்கு வெளியே இரண்டு மடங்கு பெரிய அறை கிடைக்கும்.

இப்படி ஏன் கட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற ஹோட்டலைத் திறந்தவர்கள் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும். அதற்கு முன் ஸ்டூடியோ 54 என்ற இரவு விடுதியை நடத்தியவர்கள். மக்கள் ஒரு இடத்துக்கு ஏன் வருகிறார்கள், எந்த வெளிச்சத்தில் நெருங்கி உட்காருகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 1988இல் ஃபிலிப் ஸ்டார்க் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் வடிவமைத்த அவர்களுடைய ராயல்டன் ஹோட்டல் வந்தபோது, அறை எடுக்காதவர்களும் வந்து உட்காரும் இடமாக லாபி மாறிவிட்டது. 1999இல் சியாட்டிலில் தொடங்கிய ஏஸ் ஹோட்டல், 2009இல் நியூயார்க் வந்தபோது லாபியில் ஒரு நீள மேஜையைப் போட்டது. லேப்டாப்போடு பகல் முழுக்க உட்காரும் கூட்டம் அங்கே சேர்ந்தது. இன்று உலகின் எந்த நகரத்துக்குப் போனாலும் இந்த வகை ஹோட்டலில் அப்படி ஒரு மேஜை இருக்கும். இன்னொரு பக்கம், 2008இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் ஆரம்பித்த சிட்டிசன்எம் என்ற ஹோட்டல், அறையைச் சுமார் 14 சதுர மீட்டருக்குச் சுருக்கியது. சுவருக்குச் சுவர் ஒரு பெரிய கட்டில், ஒரு நல்ல ஷவர், அவ்வளவுதான். நகர மையத்தில் நிலத்தின் விலை அப்படி. அறையைச் சுருக்கினால் அறைகளின் எண்ணிக்கை கூடும். லாபிக்கு வெளியாட்கள் வந்தால் அந்த இடமும் வருமானம் தரும். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த ஹோட்டல்.

சரி, தங்குபவருக்கு என்ன லாபம்? நான் பெரும்பாலும் தனியாகப் பயணம் செய்கிற பெண். வழக்கமான ஹோட்டலில் வேலை முடிந்து வந்தால் போக்கிடம் இரண்டுதான்: அறை, இல்லாவிட்டால் நான்கு பேர் மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரண்ட். மூன்றாவது வாரத்தில் அறையின் சுவர்கள் நெருக்க ஆரம்பிக்கும். நீள மேஜை இருக்கும் லாபியில் அந்தப் பிரச்சினையே இல்லை. எல்லோரும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் ஒரே மேஜையில். யாரும் யாரையும் பேச வற்புறுத்துவதில்லை. ஒருவர் "இந்த ப்ளக் பாயின்ட் வேலை செய்யுதா?" என்று கேட்பார், நாம் சார்ஜரை நகர்த்துவோம், அங்கிருந்து அரைமணி நேரப் பேச்சு வந்தாலும் வரலாம். வராவிட்டாலும் குறையில்லை. ஒரு நாள் முழுக்க அலுவல் தவிர யாரிடமும் பேசாத மனுஷிக்கு, பக்கத்தில் நாலு பேர் மூச்சு விடுவதே பெரிய ஆறுதல்.

இது தானாக நடப்பதில்லை. நல்ல லாபியைக் கவனித்தால் வேலைப்பாடு தெரியும். நான் அதிக நாள் தங்கிய ஒரு ஹோட்டலில் நீள மேஜையின் அடிப்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே, ஆளுக்கொரு ப்ளக் பாயின்ட் இருந்தது. குனிந்து தேட வேண்டாம், கையை விட்டால் தட்டுப்படும். பையை மாட்ட அதற்குப் பக்கத்திலேயே ஒரு கொக்கி. மேஜையின் இரண்டு முனைகளும் சுவர் பக்கம் இருந்ததால், தனியாக வருபவர்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல் உட்கார இடம் இருந்தது. பகலில் மேலே பளிச்சென்ற வெளிச்சம். மாலை ஆறு ஆறரைக்கு அது மெல்ல மஞ்சளாகி இறங்கும், பாட்டுச் சத்தம் ஒரு படி ஏறும். லேப்டாப்காரர்கள் ஒவ்வொருவராக மூடி எழுந்துவிடுவார்கள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, விளக்கே சொல்லிவிட்டது. அந்த இடத்தை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது அன்றுதான்.

இதற்கு நேர்மாறான லாபிகளும் உண்டு. புகைப்படத்தில் அள்ளும். போய் உட்கார்ந்தால் சோஃபா தரையோடு தரையாக இருக்கும், எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி மேஜை, லேப்டாப்பை மடியில்தான் வைக்க வேண்டும். முதுகு பத்து நிமிடம் தாங்காது. முன்பதிவு செய்யுமுன் ஹோட்டல் போடும் படங்களை விடுங்கள், தங்கியவர்கள் பகல் நேரத்தில் எடுத்த படங்களைப் பாருங்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் படங்கள் இருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்தது தூக்கம். இந்த ஹோட்டல்களில் பெரிய பிரச்சினை இதுதான், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லாபியின் கலகலப்பு இரவில் கட்டடம் வழியாக ஏறும். பேச்சுச் சத்தத்தைக் கதவும் சுவரும் ஓரளவு தடுத்துவிடும். பாட்டின் பேஸ், அதாவது தும் தும் என்று அதிரும் கீழ் ஸ்தாயிச் சத்தம், அப்படியில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர். சாதாரணச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, கான்கிரீட் வழியாக மெத்தைவரை வந்துசேரும். காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான்கள் மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் குறைக்கிற அளவுக்கு இதைக் குறைப்பதில்லை. அதனால் அறை அமைவதில்தான் எல்லாம் இருக்கிறது. பாருக்கு நேர் மேலே உள்ள இரண்டு மாடிகள் வேண்டாம். உச்சி மாடி என்றால் அமைதி என்று நினைக்க வேண்டாம், மொட்டைமாடியில் பார் இருந்தால் மூடும் நேரத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். நடு மாடி, லிஃப்டுக்கும் ஹவுஸ்கீப்பிங் அறைக்கும் தள்ளி, தெருப் பக்கம் இல்லாமல் உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல், பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இல்லாதது. முன்பதிவுக்குப் பிறகு இதை ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடுவது என் வழக்கம். பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள்.

அறைக்குள் எனக்குப் பிடிக்காத ஒன்று கண்ணாடி பாத்ரூம். சின்ன அறையைப் பெரிதாகக் காட்டச் செய்கிறார்கள், காரணம் புரிகிறது. தனியாக இருந்தால் பரவாயில்லை. ஒருமுறை அம்மாவை உடன் அழைத்துப்போனபோது, அவர் குளிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் நான் கீழே லாபிக்குப் போய்விட வேண்டியிருந்தது. இருவர் தங்குவதாக இருந்தால் பாத்ரூமுக்குச் சரியான கதவு உண்டா என்று கேட்டுக்கொள்வது கட்டாயம். அலமாரி கிடையாது, சுவரில் வரிசையாகக் கொக்கிகள்தான். இரண்டு நாளைக்கு அழகு. இரண்டு வாரம் என்றால் மடித்த துணிகளுக்கு இடமில்லாமல் பெட்டி தரையிலேயே திறந்து கிடக்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டி நுழையும் உயரம் விட்டிருக்கிறார்களா என்பதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன். விட்டிருந்தால், அங்கே யாரோ நெடுநாள் தங்குபவரையும் நினைத்திருக்கிறார்கள்.

ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காபி போடுபவரே சாவி அட்டையும் தருவார், அவரே பெட்டியையும் எடுத்து வைப்பார். சீருடை இருக்காது, பேச்சில் அடுக்கடுக்கான மரியாதை வார்த்தைகளும் இருக்காது. அப்படிப் பல வேலைகளை ஒருவரே பார்ப்பதால் நம்மை நாளுக்கு நாலு முறை பார்க்கிறார், முகம் பதிந்துவிடுகிறது. ஒரு மாலை ஒருவர் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, நான் ஒதுங்க ஒதுங்கப் பேச்சை விடாமல் இருந்தார். காபி மேஜையிலிருந்த பெண் வந்து, "உங்க அறை விஷயமா ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்று கூப்பிட்டார். அறையில் ஒரு விஷயமும் இல்லை. திரும்பி வந்தபோது என் பையையும் கோப்பையையும் மறுமுனையில் வைத்திருந்தார்கள். கலகலப்பான இடத்தில் தனியாக இருப்பவருக்குத் தேவையான பாதுகாப்பு அதுதான்: பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் நம் தலைமேல் நிற்கவில்லை.

சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கும், வெள்ளி சனி இரவுகளில் பத்து மணிக்கே தூங்க வேண்டியவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வார நாட்களில் வேலை, தனிப் பயணம், நகரத்தை நடந்தே பார்க்கும் ஆசை, இவையெல்லாம் உள்ளவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

அப்புறம், கிளம்பும் நாள். அறையைக் காலையிலேயே காலி செய்தாக வேண்டும், விமானம் பெரும்பாலும் இரவில்தான் இருக்கும். மற்ற ஹோட்டல்களில் அந்த இடைப்பட்ட நேரத்தில் நாம் விருந்தாளியும் இல்லை, வெளியாளும் இல்லை. இங்கே பெட்டியைக் கொடுத்துவிட்டு அதே மேஜையில் மாலைவரை வேலை பார்க்கலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சில ஹோட்டல்களில் அறை காலி செய்தவர்களுக்கென்றே ஒரு ஷவர் அறையும் வைத்திருக்கிறார்கள். செக்-இன் செய்யும்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் கேட்டால் வரிசை இருக்கும்.