'பேட் செக்டர் இடத்தைத் தின்னுடுச்சு' என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்

ஒரே ஆளிடம் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். இத்தனைக்கும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன்.

என்னுடைய 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்று விண்டோஸ் கத்த ஆரம்பித்தது. மொத்தம் 931 ஜிபி, காலி 63 ஜிபி. உள்ளே இருக்கிற ஃபோல்டர்களை எல்லாம் செலக்ட் செய்து ப்ராப்பர்டீஸ் பார்த்தால் 412 ஜிபிதான் வருகிறது. கிட்டத்தட்ட 456 ஜிபிக்குக் கணக்கே இல்லை. சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோனேன். இரண்டு நிமிஷம் சொருகிப் பார்த்தார். "பேட் செக்டர் பாதி இடத்தைத் தின்னுடுச்சு சார். எப்ப வேணா செத்துடும். டேட்டாவைக் காப்பாத்தணும்னா இன்னிக்கே புதுசுக்கு மாத்திடுங்க." பேட் செக்டர் என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போய் எழுதவோ படிக்கவோ முடியாமல் போன பகுதி. பயந்துவிட்டேன். அவரிடமே 4 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கி, காப்பி பண்ணித் தரச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது என் கண் முன்னாலேயே சொருகிக் காட்டினார். 3.63 டிபி. 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும், கச்சிதமான எண். முதல் ஃபோல்டரைத் திறந்து நாலு படம் ஓட்டினார், எல்லாம் திறந்தன. "பழசை இனிமே சொருகாதீங்க" என்று அறிவுரை வேறு. பழசைக் கொண்டுவந்து அலமாரியில் போட்டேன். அந்த ஒன்றுதான் என்னைப் பிழைக்க வைத்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் போனில் இருந்த இரண்டு மாதப் படங்களையும் வீடியோக்களையும் புதுசுக்கு மாற்றினேன். மாற்றியதும் சிலதைத் திறந்துகூடப் பார்த்தேன், நன்றாக ஓடின. நம்பிப் போனில் அழித்துவிட்டேன். இங்கே எனக்குத் தெரியாமல் போன விஷயம் இது: காப்பி முடிந்த கையோடு ஒரு ஃபைலைத் திறந்தால், அதை விண்டோஸ் பெரும்பாலும் மெமரியில் மிச்சமிருக்கும் நகலிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். டிஸ்க்கை அது தொடுவதே இல்லை. கழற்றி, மறுபடி சொருகித் திறந்தால்தான் சோதனை. அப்படித் தற்செயலாக ஒருநாள் திறந்தபோது ஒரு வீடியோகூட ஓடவில்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, 1.2 ஜிபி என்று அளவும் இருக்கிறது. ஃபைலுக்குள் இருக்கும் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் போட்டுப் பார்த்தேன். 00 00 00 00. ஸ்க்ரோல் பண்ணப் பண்ண அதே பூஜ்யம், வரிசை வரிசையாக.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க்கில் தெரிந்த தரவை எழுதி, பிறகு அதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸிலும் மேக்கிலும் இதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது. புது டிஸ்க்கைக் காலி செய்துவிட்டு, முதலில் 200 ஜிபிக்கு மட்டும் ஓட்டினேன். 59 ஜிபி வரைக்கும் சரி, அதற்கு மேல் எழுதியதெல்லாம் காற்றோடு போயிருக்கிறது. ஆக, அது 64 ஜிபி சரக்கு, விண்டோஸ் கணக்கில் 59. உள்ளே டிஸ்க்கை இயக்கும் சிப்பின் (கண்ட்ரோலர்) மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை மாற்றி 'நான் 4 டிபி' என்று சொல்லவைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அளந்து பார்ப்பதில்லை, டிஸ்க் சொல்வதை அப்படியே திரையில் போடுகிறது. அவர் திறந்து காட்டிய முதல் ஃபோல்டர் ஏன் ஓடியது என்பது அப்போதுதான் உறைத்தது: முதலில் காப்பி ஆனது அந்த 59 ஜிபிக்குள் விழுந்திருக்கிறது. தெரிந்து செய்தாரா, அவரையும் யாராவது ஏமாற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பேட் செக்டர் கதை அவருடைய சொந்தச் சரக்கு.

அது கதைதான் என்று எப்படிச் சொல்கிறேன்? பழைய டிஸ்க்கை எடுத்துச் சொருகி, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் ஓட்டினேன். அப்படி ஓட்டினால் அது எதையும் திருத்தாது, பார்க்க மட்டும் செய்யும். கடைசியில் வரும் கணக்கில் பேட் செக்டருக்கு என்று தனி வரி இருக்கும். என் டிஸ்க்கில் அந்த வரியில் 0 கேபி. டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன், மாற்றப்பட்ட செக்டர்களும் 0. இன்னொன்று, கெட்டுப்போன செக்டருக்குப் பதிலாக ஒதுக்கி வைத்த செக்டரை டிஸ்க்கே எடுத்துக்கொள்ளும். 450 ஜிபி அளவுக்குக் கெட்டுப்போன டிஸ்க் சத்தமில்லாமல், தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்காது. இது எனக்கு முன்னாடியே தோன்றியிருக்க வேண்டும்.

சரி, 456 ஜிபி எங்கேதான் போனது? எக்ஸ்ப்ளோரரில் எல்லாவற்றையும் செலக்ட் செய்தால், மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபோல்டர்கள் அதில் சேராது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் ட்ரீசைஸ் மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். ரீசைக்கிள் பின் ஃபோல்டரில் 371 ஜிபி! நான்தான் அடிக்கடி காலி செய்கிறேனே என்று குழம்பினேன். விஷயம் என்னவென்றால், அந்த ஃபோல்டருக்குள் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி அறை இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகி அழித்தவை ஆபீஸ் அறையில் கிடக்கும். வீட்டில் 'காலி செய்' என்று அழுத்தினால் வீட்டு அறை மட்டுமே காலியாகும். மிச்சத்தில் 84 ஜிபி, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைந்த ஃபோல்டரில் இருந்த பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள், அதாவது பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவுகள். ஏதோ ஒரு காலத்தில் இந்த டிஸ்க்குக்கும் அவற்றை எடுத்துவைக்கும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனைப் போட்டிருக்கிறேன். பாக்கி ஒரு ஜிபி ஃபைல் அட்டவணைக்கு. கணக்கு நேராகிவிட்டது.

1 டிபி வாங்கினால் 931 ஜிபி காட்டுவதை நினைத்துப் பதற வேண்டாம். கம்பெனி ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணி விற்கிறது, விண்டோஸ் அதை 107,37,41,824 ஆல் வகுத்து ஜிபி என்கிறது. மேக்கில் 1 டிபி என்றே காட்டும். எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தாலும் இடம் குறையும். பெரிய டிஸ்க்குகளில் வழக்கமான க்ளஸ்டர் அளவு, அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு, 128 கேபி, அதனால் 1 கேபி ஃபைலும் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும். ப்ராப்பர்டீஸில் 'அளவு', 'டிஸ்க்கில் பிடிக்கும் அளவு' என்று இரண்டு எண் இருக்கும், இரண்டையும் பாருங்கள். இதற்கெல்லாம் யாராவது ஃபார்மட் பண்ணச் சொன்னால் தலையாட்டாதீர்கள். செக்டிஸ்க்கைத் திருத்தச் சொல்லி ஓட்டுவதாக இருந்தாலும், டேட்டாவை வேறு இடத்தில் எடுத்து வைத்த பிறகு ஓட்டுங்கள்.

அவரிடம் போய்க் கேட்டேன். "நீங்க கீழே போட்டிருப்பீங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்து அந்த 4 டிபி டப்பாவை நெம்பித் திறந்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு போர்டு, அதில் பசை வைத்து ஒட்டிய ஒரு மெமரி கார்டு, கையில் கனமாக இருக்கட்டும் என்று ஒரு இரும்புத் துண்டு. கீழே போட்டு உடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

போனில் இருந்து போன இரண்டு மாதம் திரும்பி வரவில்லை. செத்துவிடும் என்று அவர் சொன்ன டிஸ்க்கில் இப்போது காலி இடம் 518 ஜிபி. அதற்கு நகல் வைக்க இன்னொரு டிஸ்க், இந்தத் தடவை விசாரித்து வாங்கியது, இதை எழுதும்போது சோதனையில் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுக்க எழுதிப் படித்து முடிக்க நாளை சாயங்காலம் ஆகும். அதுவரை அதில் ஒரு ஃபைல் போடமாட்டேன்.