முதல் சந்திப்பும் கணினி மன்னர்களும்: சிவ் 4-ஆ, சிவ் 6-ஆ?

நாடு பிடிக்கும் கணினி ஆட்டங்களில் போரைவிட எனக்குப் பிடித்தது பக்கத்து நாடுகளோடு உறவு வளர்ப்பதுதான். கணினி ஆடும் மன்னர் நம்மை முதன்முதலாகச் சந்திக்கும்போது எதை வைத்து நம்மை எடைபோடுகிறார்? ஒரு கேமில் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். இந்த ஒரு விஷயத்துக்காகவே சிவிலைசேஷன் (சுருக்கமாக ‘சிவ்’) ஆட்ட வரிசையில் 2016-இல் வந்த 6-ஐ ஓரமாக வைத்துவிட்டு, 2005-இல் வந்த 4-க்குத் திரும்பியிருக்கிறேன். படத்தின் அழகில் 6 எங்கோ உயரத்தில் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் 4 சிரமமில்லாமல் ஓடும். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

6-இல் ஒரு மன்னரைச் சந்தித்ததுமே உறவுப் பட்டியலில் ‘முதல் அபிப்பிராயம்’ என்று ஒரு வரி வந்துவிடும். அது கூட்டலாகவும் இருக்கலாம், கழித்தலாகவும் இருக்கலாம். நாம் அதுவரை செய்த எதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பகடை விழுந்தபடி விழுகிறது. டர்ன்கள், அதாவது ஆட்டச் சுற்றுகள், போகப்போகத் தானே தேய்ந்தும் போகும். சந்தித்த அதே டர்னில் 25 பொன் கொடுத்துத் தூதுக்குழு அனுப்பினால் உறவுக் கணக்கில் +3 கிடைக்கிறது. தள்ளிப்போட்டால், அதற்குள் கசந்துபோன மன்னர் அதை வாங்க மறுத்துவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் யார், எவர் என்று பார்ப்பதே இல்லை, கண்டவுடன் அனுப்பிவிடுகிறார்கள். இதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

மன்னர்களின் தனிக் கொள்கைகள் அதைவிட நன்றாகவே வந்திருக்கின்றன. சின் ஷி ஹுவாங் உலக அதிசயங்களைத் தானே கட்ட நினைப்பவர். நாம் முந்திக்கொண்டால் பொறுக்கமாட்டார். பிரேசிலின் பெட்ரோவுக்கு மாமேதைகள் எல்லாம் தன்னிடமே வந்து சேர வேண்டும். 2018-இல் சேர்ந்த சந்திரகுப்தருக்கு எல்லையை ஒட்டி யார் இருந்தாலும் ஆகாது. குணச்சித்திரமாக ரசிக்கலாம். ஆனால் பெட்ரோவைத் திருப்திப்படுத்துவதால் சந்திரகுப்தர் கோபப்படப் போவதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சமாளித்தால் போதும்.

4-இல் அது நடக்காது. என் முடிவுக்கு முழுக் காரணமும் இதுதான்.

அங்கே ஆரம்பத்தில் சந்திக்கும் மன்னர்களில் பெரும்பாலானோர் ‘எச்சரிக்கை’ என்ற நடு நிலையில்தான் இருப்பார்கள். மொத்தம் ஐந்து நிலைகள்: கடுங்கோபம், எரிச்சல், எச்சரிக்கை, மகிழ்ச்சி, நட்பு. அந்த நடு நிலையைக் கலைப்பது மதம். ‘தியானம்’ என்ற தொழில்நுட்பத்தை முதலில் கண்டுபிடிப்பவரிடம் பௌத்தம் தோன்றும், ‘பலதெய்வ வழிபாடு’ என்பதை முதலில் எட்டுபவரிடம் இந்து மதம். இப்படி ஏழு மதங்கள். அரச மதம் ஒன்றை நாம் அறிவித்த நொடியிலேயே, அதே மதத்தவர் சகோதரர் ஆகிறார், மற்றவர் முகம் சுளிக்கிறார். ஸ்பெயினின் இசபெல்லா பக்கத்தில் இருந்தால் இது இன்னும் தீவிரம். அவர் மதத்தை ஏற்றால் அவரைப்போல் உறுதியான துணை கிடையாது. வேறொன்றைப் பிடித்துக்கொண்டால் எல்லையில் எப்போதும் படையை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

மதத்தால் வரும் கூட்டலும் கழித்தலும் 6-இன் முதல் அபிப்பிராயம் போலத் தேய்வதில்லை, ஆண்டுகள் செல்லச்செல்ல ஏறும். அதோடு ஒரு மன்னருக்கு ‘பரம எதிரி’ என்று ஒருவர் இருக்கலாம். அவரோடு நாம் வியாபாரம் செய்தால் அதுவும் கணக்கில் ஏறும். ‘அந்த நாட்டோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்து’ என்று கேட்டு வருவார்கள். நிறுத்தினால் அந்தப் பக்கம் பகை, மறுத்தால் இந்தப் பக்கம். ஒருவரிடம் வாங்கும் நல்ல பெயருக்கு இன்னொருவரிடம் விலை கொடுத்தே ஆக வேண்டும். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எடுத்த ஒரு முடிவு, பீரங்கிக் காலம் வரை யார் யாரோடு அணி சேர்வார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அரச மதமே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கவும் வழியுண்டு. மதத்தால் பகை வராது, சகோதரரும் கிடைக்கமாட்டார். நான் மூன்று வழியிலும் ஆடிப் பார்த்திருக்கிறேன். மூன்றும் வெவ்வேறு உலகங்களாகத்தான் வந்து முடிந்தன.

4-லும் ஒளிவுமறைவு உண்டு. மன்னரின் பிறவிக் குணத்தால் வரும் சிறு ஏற்ற இறக்கம் பட்டியலில் தெரியாது. கணினி மன்னர்கள் தங்களுக்குள், அமைதி விரும்பி அமைதி விரும்பியோடும் சண்டைக்காரர் சண்டைக்காரரோடும் ஒட்டிக்கொள்வதும் திரைக்குப் பின்னால்தான். புதிதாக ஆடுபவரை இது குழப்பலாம். ஆனாலும் ஒருவர் ஏன் நம்மை வெறுக்கிறார் என்று சுட்டியை வைத்துப் பார்த்தால், தெரியும் வரிகளில் பெரும்பாலானவை நாம் செய்தவையாகவே இருக்கும்.

விண்வெளி ஆட்டங்களை விரும்புகிறவர்கள், விண்வெளியில் பேரரசு வளர்க்கும் 2016-இன் ஸ்டெல்லாரிஸைப் பற்றியும் கேட்பார்கள். அதில் என் அனுபவம் கொஞ்சம்தான், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரு பேரரசின் சுபாவம் அதன் அடிப்படைக் கொள்கைகளிலிருந்தே பிறக்கிறது. பிற இனங்களை அழிப்பதையே கொள்கையாகக் கொண்ட பேரரசு எதிர்ப்பட்டால் தூது, பேச்சு எதற்கும் இடமில்லை. காரணம் தெளிவாக இருக்கிறது, அதை மாற்றும் வழி மட்டும் நம் கையில் இல்லை.

நகரங்களைத் திட்டமிட்டு அடுக்குவதுதான் உங்களுக்கு இன்பம் என்றால், உறவு என்பது பின்னணியில் ஓடினால் போதும் என்றால், 6 வாங்குங்கள். 4-ஐ எடுப்பவர்கள் மதத்தை அறிவிக்கும் முன் சாரணரை இன்னும் கொஞ்ச தூரம் அனுப்பி, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்த மதத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.