புரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட்: பல வருட ஓட்டத்தில் தெரிந்தவை

கிடங்குக்குள்ளும் வெளி யார்டிலும் மாறி மாறி ஓடும் 2.5 டன் தூக்கும் வண்டிக்குப் புரொப்பேன் நன்றாகவே ஒத்துவரும். பேட்டரி வண்டிபோல மணிக்கணக்கில் சார்ஜில் கிடக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் 33.5 பவுண்டு சிலிண்டர், அதாவது சுமார் 15 கிலோ, சாதாரண வேலைக்கு ஒரு ஷிஃப்ட் வரும். கனச் சுமையை ஓயாமல் தூக்கினால் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

தொல்லை பெரும்பாலும் எஞ்சினில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. சமையல் சிலிண்டரிலிருந்து வாயு வரும். இதிலோ ஹோஸில் வருவது திரவம். எஞ்சின் நின்றால் கேஸை அடைக்கும் லாக்-ஆஃப் வால்வைத் தாண்டி, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்குள் போய்த்தான் அது ஆவியாகிறது. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. ஆவியாகத் தேவையான சூட்டைக் கொடுப்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். ரெகுலேட்டர் மேல் பனி படிந்து வண்டி திணறினால் கேஸைத் திட்டாமல் கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும், கூலன்ட் ஹோஸில் காற்று அடைத்தாலும் இதே கதைதான்.

இன்னொரு தவறு, சிலிண்டரை அவசரமாகப் போடுவது. சிலிண்டர் படுத்திருக்கும் தாங்கியில் உள்ள ஊசி சிலிண்டர் வளையத்தின் துளைக்குள் உட்கார வேண்டும். உட்காராமல் சிலிண்டர் உருண்டிருந்தால் உறிஞ்சு குழாய் திரவத்தைத் தொடாது. கேஸ் மீதமிருக்கும்போதே சுமையில் இழுவை போய்விடும். அதைவிட மோசம், மேலே ஆவிப் பகுதியில் இருக்க வேண்டிய பாதுகாப்பு வால்வு திரவத்துக்குள் போய்விடும்.

மாற்றும்போது பழைய சிலிண்டர் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், ஹோஸ் காலியாகும். பிறகு சாவியை அணைத்து, கையுறை போட்டுக் கழற்றுங்கள். ஹோஸைச் சிலிண்டரோடு சேர்க்கும் கப்ளிங்கின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) விரிசல் விட்டிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். புதிய வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திருப்பினால் உள்ளிருக்கும் அதிகப்பாய்ச்சல் தடுப்பு வால்வு அடைத்துக்கொள்ளும். மூடி, சற்றுப் பொறுத்து, மறுபடி மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். இணைப்பில் சோப்பு நீர் தடவிக் கசிவைப் பார்க்கவும். கசிந்த புரொப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம், குழியிலும் வடிகாலிலும் தேங்கும்.

மாதக்கணக்கில் ஓடினால் ரெகுலேட்டருக்குள் பிசுபிசுப்பான எண்ணெய்க் கசடு சேரும். வடிகால் திருகு இருக்கும் மாடலில், கேஸை அடைத்துக் குழாயைக் காலியாக்கிய பிறகு, ரெகுலேட்டர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்தால் எளிதாக இறங்கும். விட்டால் உள்ளிருக்கும் மெல்லிய ரப்பர் தகடான டயாஃபிரம் விறைத்து, சும்மா நிற்கும்போது எஞ்சின் வேகம் (ஐட்லிங்) ஏறி இறங்கும்.

புகை கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகக் கதவடைத்த குளிர் அறைக்குள் ஓட்டக்கூடாது. காற்றோடு கலக்கும் கேஸின் அளவு சற்றுக் கூடினாலே கார்பன் மோனாக்சைடு கூடும். அங்கே பேட்டரி வண்டிதான்.