பேஸ்மெண்ட் சுவர்: தனியே நிற்கட்டுமா, ஸ்லாப் தாங்கட்டுமா?

மூன்றரை மீட்டர் ஆழத்தில் கார் பார்க்கிங். மண்ணைத் தடுக்கும் சுவரைக் கேண்டிலீவராகத் தன் அடித்தளத்தை மட்டும் நம்பி நிற்க விடலாம். இல்லையென்றால் தரைத்தள ஸ்லாப் அதன் தலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

மண் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் (மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் வலிமையின் அளவு) 30 டிகிரி, நிலத்தடி நீர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கேண்டிலீவர் சுவர் லேசாகச் சாயும். சாய்வதால் மண் அழுத்தக் கெழு, அதாவது மண்ணின் செங்குத்து அழுத்தத்தில் எவ்வளவு பங்கு பக்கவாட்டில் தள்ளுகிறது என்ற எண், 0.33 ஆகக் குறைகிறது. ஆனாலும் அடியில் மீட்டர் நீளத்துக்குச் சுமார் 43 கிலோநியூட்டன்-மீட்டர் பெண்டிங் மொமென்ட் (சுவரை வளைக்கும் விளைவு) வரும். ஸ்லாப் பிடித்த சுவரால் நகர முடியாது, கெழு 0.5, அழுத்தம் ஒன்றரை மடங்கு. அப்படியிருந்தும் சுவரின் தலையிலும் அடியிலும் நகர விடாமல், ஆனால் சுழல விடும் வெறும் தாங்கிகள் இருப்பதாக எடுத்தால் மொமென்ட் 25 தான். சுவர் மெலிகிறது. கேண்டிலீவருக்குத் தேவைப்படும் ஏறக்குறைய 2 மீட்டர் அகல அடித்தளமும் வேண்டாம். பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டிய மனையில் அந்த அகலத்துக்கு இடமே இருக்காது.

அதனால் நகர மனைக்கு என் தேர்வு ஸ்லாப்தான். ஆனால் அதற்கு ஒரு கறாரான நிபந்தனை: ஸ்லாப் போட்டு, கான்கிரீட் இறுகும்வரை மண் நிரப்பக் கூடாது. ஏன் இவ்வளவு பிடிவாதம்? இந்தச் சுவரில் முக்கியக் கம்பி உள்பக்கம், அறையைப் பார்த்த முகத்தில் இருக்கும். கேண்டிலீவரிலோ மண் பக்க முகத்தில். ஜேசிபி சும்மா நிற்கிறதே என்று முன்கூட்டியே நிரப்பினால் சுவர் கேண்டிலீவராகி, கம்பி குறைவான முகத்தில் இழுவை வரும். அவசரம் என்றால் தற்காலிக முட்டு கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும்.

அப்புறம், ஸ்லாப் வாங்கும் விசை எங்கே போகிறது? மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் ஸ்லாபுக்குப் பெரிதல்ல. எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே அளவு மண் இருந்தால் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். சரிவான மனையில் ஒரு பக்கம் மட்டும் மண் என்றால், கட்டடமே தள்ளப்படும். ஷியர் வால் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) அந்த விசையை அடித்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஷியர் வால் இல்லாத இடத்தில் கேண்டிலீவரே மேல்.

ராம்ப், மாடிப்படி ஓரத்திலும் அப்படித்தான். அங்கே சுவரை ஒட்டி ஸ்லாபே கிடையாது. அந்த நீளத்துக்கு மட்டும் சுவரைக் கேண்டிலீவராக மாற்றலாம், அல்லது சுவரின் தலையில், மண் தள்ளுவதைக் கிடைமட்டமாகத் தாங்கும் பீம் கொடுக்கலாம். திறப்பு நாலைந்து மீட்டருக்குள் என்றால் நான் பீமையே போடுவேன்.