அரிவாள் செல் சோதனை: ஊரிலேயே கரைதிறன் சோதனையா, ஆய்வகத்தில் எச்பிஎல்சியா?

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை உண்டு. அதைக் கண்டறியும் வழிகளில் இரண்டு இவை.

கரைதிறன் சோதனைக்கு இயந்திரம் வேண்டாம். விரல் நுனியில் எடுத்த 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 2 மி.லி. கரைசலில் கலந்து, 5 நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்க வேண்டும். கோடு மறைந்தால் பாசிட்டிவ். செலவு குறைவு, பதில் கையோடு. ஆனால் நோயாளியா, மரபுக் கடத்தியா (நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று பிரித்துச் சொல்லாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை, அண்மையில் ரத்தம் ஏற்றியவர், கடும் ரத்தசோகை உள்ளவர் ஆகியோரிடம் நெகட்டிவ் என்று ஏமாற்றக்கூடும். கரைசலில் உள்ள டைதயோனைட் என்ற வேதிப்பொருள் பழசானாலும் அப்படித்தான். ஆகவே தினமும் முதலில், பாசிட்டிவ் என்று உறுதியான ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

எச்பிஎல்சி என்பது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஆய்வக இயந்திரச் சோதனை. அரிவாள் செல்லுக்குக் காரணமான ஹீமோகுளோபின் எஸ், அதோடு எஃப், ஏ2 ஆகிய வகைகளின் அளவுகளைத் தனித்தனியே காட்டும். பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தசோகையின் கடத்தியும் தெரியவரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் 2 மி.லி. ரத்தத்தை 2–8 டிகிரி குளிரில் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான்: முடிவுச் சீட்டு குடியிருப்புக்கு வந்து சேராவிட்டால் ஊசி குத்தியதே வீண்.

எங்கள் பரிந்துரை: பெரியவர்களுக்குக் கரைதிறன், அதில் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு எச்பிஎல்சி. கைக்குழந்தைக்கு நேராக எச்பிஎல்சி. முடிவை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை ரத்தம் எடுக்கும் அன்றே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.