உப்பா, சர்க்கரையா: எலக்ட்ரானைக் கொடுப்பதும் பங்கு போடுவதும்

இரண்டும் வெள்ளைப் படிகம், இரண்டும் தண்ணீரில் கரையும், இரண்டுமே சேர்மம். ஒற்றுமை அத்தோடு சரி.

உப்பில், சோடியம் தன் வெளிக்கூட்டிலுள்ள ஒரே எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த சோடியம் நேர் அயனி, அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட அணு; வாங்கிய குளோரின் எதிர் அயனி, அதன் பெயர் குளோரைடு. இரண்டுக்கும் உள்ள ஈர்ப்புதான் அயனிப் பிணைப்பு. பலர் கவனிக்காத விஷயம், உப்பில் தனி மூலக்கூறு, அதாவது குறிப்பிட்ட சில அணுக்கள் மட்டும் சேர்ந்த தனித் துகள், என்றே எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம் என்று கல் முழுக்க ஒரே அடுக்கு. அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு. மூலக்கூறுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு என்பதால் வாணலிச் சூட்டிலேயே இளகிப் பழுப்பாகிவிடும். மூலக்கூறு என்றால் என்ன என்று சொல்லித்தர, என்னைக் கேட்டால், சர்க்கரைதான் சரி.

ஒரு 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். உப்புக் கரைசலில் அயனிகள் மின்சாரத்தைக் கடத்துவதால் விளக்கு எரியும், அயனிகள் இல்லாத சர்க்கரைக் கரைசலில் எரியாது. அப்புறம், காய்ச்சி வடித்த நீரையே எடுங்கள். குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்புகள் இருக்கும்.